வெள்ளை ஒயினும் தம்பியின் மூச்சும்

நான் ஒயின் ஊற்றிக் கொடுக்கிறவள். இதைச் சொன்னதும் எங்கள் ஊரில் கேட்கிறவர் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். ஐயம்பேட்டையில் ஒயின் ஷாப் என்றால் ஒரே அர்த்தம்தான். கம்பிக் கதவு, அதற்குள் நீட்டிய கைகள், வாசலெல்லாம் நசுங்கின பிளாஸ்டிக் டம்ளர். நான் வேலை பார்ப்பது பெங்களூர் ரோட்டில் ஒரு பெரிய ஹோட்டலின் சாப்பாட்டுக்கூடத்தில். சுற்றியிருக்கும் கார் கம்பெனிக்கும் கண்ணாடிக் கம்பெனிக்கும் வருகிற கொரியாக்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் அங்கேதான் தங்குவார்கள். அவர்கள் சாப்பிடும்போது எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் என்று சொல்லி, திறந்து, ஊற்றுவது என் வேலை. இதை எவ்வளவு விளக்கினாலும் கேட்கிறவர்கள் கடைசியில், "அப்ப சரக்கு ஊத்தித் தர்ற வேல" என்று முடிப்பார்கள். ஆமாம் சாமி, அதேதான் என்று விட்டுவிடுவேன்.

என் வேலையைச் சொல்லட்டும், பரவாயில்லை. என் மூக்கை மட்டும் யாரும் ஒன்றும் சொல்லக் கூடாது. என் தம்பியின் வாயிலிருந்து வந்தது குடியின் வாசனை இல்லை என்று இந்த மூக்கு சொன்னது. சரியாகத்தான் சொன்னது. அதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, எங்களைப் பெற்றவள் உட்பட.

எங்கள் அப்பா குடித்துச் செத்தவர். அதை மூடி மறைக்க எங்களிடம் ஒன்றும் இல்லை, தெருவுக்கே தெரியும். கடைசி நாட்களில் சோறு தண்ணி எதுவும் இறங்காமல், குடி மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. அவரைக் கல்லறையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் அம்மா முகம்கூடக் கழுவவில்லை. தம்பியைக் கூப்பிட்டு, வேதாகமத்தின் மேல் அவன் கையை எடுத்து வைத்து, "உன் வாயில அந்த வாசன என்னிக்கு வருதோ அன்னிக்கு நான் உனக்கு அம்மா இல்ல. சொல்லு" என்றாள். தம்பி அப்போது பள்ளிக்கூடம் முடித்திருந்தான். அழுதுகொண்டே சொன்னான். அதற்கப்புறம் எந்தக் கல்யாணத்திலும் எந்தச் சாவிலும் அவன் ஒரு சொட்டு தொட்டதில்லை. கூட்டாளிகள் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தால் இவன் கடலையைத் தின்றுவிட்டு எழுந்து வந்துவிடுவான். அம்மா அவனை வைத்துத்தான் தெருவில் தலை நிமிர்ந்து நடந்தாள்.

எனக்கு ஹோட்டல் வேலை கிடைத்தபோது அம்மா கொஞ்ச நாள் பேச்சை நிறுத்திவிட்டாள். பக்கத்துத் தெருவில் ஒரு நெசவாளர் வீட்டுக்குத் தார் சுற்றப் போகிறவள் அம்மா. ஊடையாகக் குறுக்கே ஓடும் பட்டு நூலைக் குச்சியில் சுற்றித் தறிக்குத் தயாராக வைக்கிற வேலை. அவர்கள் சைவக்காரர்கள், ஆசாரமான குடும்பம். "உம் பொண்ணு எங்கம்மா வேல செய்யுது?" என்று அந்த வீட்டம்மா கேட்டால், "ஓட்டல்ல" என்று மட்டும் சொல்வாள். நான் குடிப்பதில்லை, வாயில் வைத்துத் துப்பிவிடுவேன், ருசி பார்க்க மட்டும்தான் என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். "துப்பறதுக்கு எதுக்குடி வாயில வெக்கிற?" என்றாள்.

தம்பி ஒருத்தன்தான் கேட்பான். "இன்னிக்கு இன்னா ஒயின்க்கா? இன்னா வாசன?" கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். சாயங்காலம் வேனை விட்டுவிட்டு பைக்கில் வந்து என்னை ஏற்றிக்கொள்வான். அவனிடம் நான் அதிகம் பேசினது ஒரே ஒரு ஒயினைப் பற்றித்தான்.

அதற்குப் பெயர் சாவின்யோன் பிளாங்க். திராட்சைக்கும் அதே பெயர், ஒயினுக்கும் அதே பெயர். நம் நாட்டில் நாசிக் பக்கம் விளைகிறது. சின்னக் காய், நெருக்கமான கொத்து, மெல்லிய பச்சைத் தோல். மழை பட்டால் கொத்துக்குள்ளேயே அழுகிப் போகும். வெயில் ஏறுவதற்கு முன் பறித்துவிட வேண்டும். புளிப்பும் இனிப்பும் சரியாக நிற்பது கொஞ்ச நாட்கள்தான். அதை விட்டால் புளிப்பு இறங்கிப் பழம் சப்பென்று ஆகிவிடும். பிழிந்த சாற்றில் இருக்கிற சர்க்கரையை ஈஸ்ட் தின்னும். கொஞ்சம் மிச்சம் வைத்தால் இனிப்பு ஒயின். மிச்சமே வைக்காமல் தின்று தீர்த்துவிட்டால் அதற்கு டிரை என்று பெயர். இது டிரை.

முதல் தடவை வாயில் வைத்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு வீடுகளில் கருப்புத் திராட்சையும் சர்க்கரையும் போட்டு ஊற வைக்கிறார்களே, அதுதான் ஒயின் என்று நினைத்திருந்தேன். இது நாக்கின் இரண்டு பக்கமும் சுரீரென்று பிடித்தது. அரநெல்லியைக் கடித்ததுபோல எச்சில் ஊறியது. இனிப்பு இதோ வரும், இதோ வரும் என்று நாக்கு காத்திருந்தது. வரவே இல்லை. துப்பின பிறகு வாய் கழுவிவிட்ட தரைபோல இருந்தது. அதற்கப்புறம்தான் மூக்கை வைத்தேன். வெட்டின புல், காய்க் கொய்யா, கிள்ளின பச்சை மிளகாய்க் காம்பு. அன்றைக்கே அந்த ஒயின்மேல் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

காரணம் இதுதான். இனிப்பு இருந்தால் கெட்டது மறையும். கெட்டுப்போன பாலில்கூட நிறையச் சர்க்கரை போட்டால் கொஞ்ச நேரம் ஏமாற்றலாம். இந்த ஒயினில் எதுவும் மறையாது. அட்டைப்பெட்டி நனைந்த வாசனை வந்தால் தக்கை கெட்டிருக்கிறது. வினிகர்போலக் காடி வாசனை வந்தால் காற்று புகுந்திருக்கிறது. நகப்பூச்சு அழிக்கிற திரவம் இருக்கிறதே, அந்த வாசனை வந்தால் பாட்டில் போயே போச்சு, மேசைக்குக் கொண்டுபோகாதே என்பார்கள். திறந்ததும் முதலில் நான் தேடுவது இந்தக் கெட்ட வாசனைகளைத்தான். நல்லது தானாக வரும்.

தம்பிக்கு இது விளையாட்டாகிவிட்டது. வழியில் பைக்கை நிறுத்தி எதையாவது பறித்துக் கசக்கி என் மூக்கில் வைப்பான். "இது அதுல இருக்குதாக்கா?" கொய்யா இலை, எலுமிச்சை இலை, ஏரிக்கரைப் புல். ஒருநாள், "சக்கரையே இல்லாம எதுக்கு அத்தினி காசு குடுத்துக் குடிக்கிறானுங்க? சுகர் பேஷண்டா?" என்றான். விழுந்து விழுந்து சிரித்தோம்.

போன வெயில் காலத்தில் அவன் இளைக்க ஆரம்பித்தான். முதலில் எல்லாரும் பாராட்டினார்கள். கன்னம் ஒட்டி, சட்டை தொளதொளவென்று ஆனது. "ஹீரோ மாதிரி ஆயிட்டான்பா" என்றாள் எதிர்வீட்டு அக்கா. தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தான். வேனில் இரண்டு பெரிய பாட்டில், வீட்டில் ஒரு குடம். அது போதாமல் ரோட்டோரம் பன்னீர் திராட்சை வாங்கிக் கொத்துக் கொத்தாகத் தின்றான். கூல் டிரிங்ஸ், ஜூஸ், கிடைத்ததெல்லாம் இறங்கியது. வீட்டுக்கு வருகிற வழியிலேயே பைக்கை நிறுத்திவிட்டு மறைவுக்கு ஓடுவான். குளியலறை ஓரத்தில் எறும்பு சாரை சாரையாக வந்தது. அம்மா மஞ்சள் தூளைத் தூவிவிட்டுத் தார் சுற்றப் போய்விட்டாள்.

படிக்கிற உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எங்களுக்குப் புரியவில்லை. சுகர் என்றால் எங்களுக்குத் தொப்பை போட்ட பெரியவர்கள், மாத்திரை டப்பா, சக்கரை போடாத காபி. இருபதைத் தாண்டிக் கொஞ்ச நாளே ஆன, எலும்பும் தோலுமாக இருக்கிற பையனுக்கு அது ஒரேயடியாக வரும் என்று யார் கண்டது? வெயில், வேலை, தூக்கமில்லை என்று நாங்களே ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டோம்.

வாசனை வந்தது ஒரு சாயங்காலம், பைக்கில். சிக்னலில் நின்றபோது என்னிடம் ஏதோ சொல்லத் திரும்பினான். அவன் மூச்சு என் முகத்தில் பட்டது. பழுத்துக் கனிந்துபோன பழத்தின் வாசனை, அதற்குக் கீழே நகப்பூச்சுத் திரவம். பீர் எப்படி வாசனை வரும், பிராந்தி எப்படி வரும், மறுநாள் காலையில் இரண்டும் எப்படி வரும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. இது எதுவும் இல்லை.

"வேனுக்குப் பெயிண்டு அடிச்சாங்களாடா?"

"இல்லியே. ஏன்?"

"உன் வாய் ஒரு மாதிரி வாசன வருது. டாக்டர்கிட்ட காட்டலாம் வா."

"வாய் வாசனைக்கு டாக்டரா? பிரஷ் வாங்கித் தா, போதும்" என்று சிரித்தான். லீவு போட்டால் வேன் வேறு ஆளுக்குப் போய்விடும் என்றான். நான் பேசப் பேச வண்டியை வேகமாக விட்டான். ஞாயிற்றுக்கிழமை இழுத்துக்கொண்டு போவது என்று மனசுக்குள் முடிவு பண்ணிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

அவன் வேன் போகும் கம்பெனியில் டிரைவர்கள் காலையில் வாசலில் ஒரு சின்ன மெஷினில் ஊத வேண்டும். குடித்திருந்தால் கத்தும். அன்றைக்கு அவன் ஊதினதும் கத்தியது. மறுபடி ஊதச் சொன்னார்கள், மறுபடியும் கத்தியது. கத்தியது குடிக்கு இல்லை, அவன் மூச்சில் இருந்த அந்த வேறு வாசனைக்கு என்று பிறகு சொன்னார்கள். சில மெஷின்களுக்கு வித்தியாசம் தெரியாதாம். அன்றைக்கு அது யாருக்குத் தெரியும்? வேன் சாவியை வாங்கிக்கொண்டு, வேனில் வந்த அத்தனை பேருக்கும் முன்னால் அவனை அனுப்பிவிட்டார்கள். அவன் வீடு வந்து சேர்வதற்குள் கூட வேலை செய்கிற டிரைவர் ஒருத்தன் போன் போட்டு அம்மாவிடம் சொல்லிவிட்டான். நல்லது செய்வதாகத்தான் நினைத்திருப்பான், பாவி.

நான் அன்றைக்கு மதிய ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தம்பி செருப்பைக் கழற்றும்போதே அம்மா அவன் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். மூக்கை அவன் வாயருகே கொண்டுபோனாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் முகம் வெளிறிப்போனது.

"இதே வாசனதான்" என்றாள். "உங்கப்பன் கடைசில கெடந்தானே, அப்ப இதே வாசனதான் வந்துச்சு. எனக்குத் தெரியாதா?"

"குடிக்கலம்மா. சத்தியமா குடிக்கல."

"மிஷினு பொய் சொல்லுதா? என் மூக்கு பொய் சொல்லுதா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அது பிறவிக் குணம். "ம்மா, நான் சொல்றேன் கேளு. இது சரக்கு வாசனையே இல்ல. எனக்குத் தெரியும், நான் தெனமும் மோந்து பாக்கறவ" என்று கத்தினேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். "நீ பேசாத. ஊத்திக் குடுக்கறவ சாட்சி சொல்ல வந்துட்டா. தெனமும் உன்ன வண்டில ஏத்திக்கினு வரானே, எதுக்கு? நீதான்டி கொண்டாந்து குடுத்த."

பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள்ளு என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்லை அன்றைக்கு என் அம்மா வாயிலிருந்தே கேட்டேன், வேறு வார்த்தையில். ஆனாலும் விடவில்லை. ஏதோ வியாதி இது, ஆஸ்பத்திரிக்குப் போகலாம், ரத்தம் எடுத்துப் பார்க்கலாம், குடித்திருந்தால் அதிலேயே தெரிந்துவிடுமே என்றேன். "குடிகாரனுக்கு வியாதின்னு பேரு வெச்சி மறைக்கப் பாக்குறியா? உங்கப்பனையும் இப்பிடித்தான் உங்க ஆயா மறைச்சாங்க. மறைச்சி மறைச்சித்தான் கொன்னாங்க" என்றாள் அம்மா. அந்த ஒரு பயம் அவளை வேறு எதையும் பார்க்க விடவில்லை. ஒருத்தனைக் குடிக்குக் கொடுத்தவள், இன்னொருத்தனையும் கொடுக்க மாட்டேன் என்று நின்றாள். அவளை இப்போதும் என்னால் வெறுக்க முடியவில்லை.

எங்கள் ஜெபக்கூட்டத்தில் குடியை விட வைக்க உபவாச ஜெபம் இருப்பார்கள். குடிக்கிறவனை நடுவில் உட்கார வைத்து, சோறு இல்லாமல் தண்ணீர் மட்டும் கொடுத்து, அக்காக்களும் அத்தைகளும் மாறி மாறி உட்கார்ந்து ஜெபிப்பார்கள். வெள்ளி தொடங்கினால் ஞாயிறு ஆராதனையில் முடியும். அப்படி விட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள், பொய் சொல்லக் கூடாது. அம்மா அதற்குச் சொல்லி அனுப்பினாள்.

தம்பி மறுத்திருக்கலாம். நான் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ குடிக்கல இல்ல? அப்புறம் எதுக்குடா உக்கார்ற? ஒத்துக்கினா மாதிரி ஆயிடும்" என்றேன். சுவரில் சாய்ந்துகொண்டிருந்தான். உதடு வெடித்திருந்தது. "உக்காந்தாதான்கா அம்மா நம்பும். ஞாயித்துக்கெழம வரிக்கும்தானே. எனக்கும் சோறு இறங்க மாட்டேங்குது" என்றான். அம்மா தன்னை அப்பாவோடு சேர்த்துச் சொன்னது அவனுக்குப் பட்டுவிட்டது. பசியைவிட அது பெரிதாக இருந்தது.

சனிக்கிழமை எனக்கு லீவு தரவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் கம்பெனியில் பெரிய மதிய விருந்து. கெஞ்சிப் பார்த்தேன், ஆள் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். வேலையை விட்டால் வீட்டில் அடுப்பெரியாது, ஏற்கனவே ஒருத்தன் வேலை போய்விட்டது. போனேன். அன்றைக்கு மீனும் இறாலும். அதற்குப் பொருத்தம் அதே வெள்ளை ஒயின். ஐஸ் வாளியிலிருந்து எடுத்து, துடைத்து, திறந்து, ஒரு வாய் அளவு ஊற்றி மூக்கில் வைத்தேன். புல், காய்க் கொய்யா, மிளகாய்க் காம்பு. ஒரு குறையும் இல்லை. அடுத்த பாட்டில், அடுத்த பாட்டில். எல்லாம் சுத்தம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கேயோ காய்த்த திராட்சையில் கெட்டது இருக்கிறதா என்று ஆயிரம் ரூபாய்க் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி மோந்து பார்க்கிறேன். வீட்டில் என் தம்பி கெட்டுக்கொண்டிருக்கிறான், அங்கே என்னை வாயைத் திறக்க விடவில்லை. ஒரு வெள்ளைக்காரர் வாயில் வைத்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார். சிரித்துக்கொண்டே ஊற்றினேன்.

இரண்டாவது பரிமாறலில் என் கோட்டுப் பையில் போன் அதிர்ந்தது. வேலை நேரத்தில் எடுக்கக் கூடாது. எடுத்தேன். தம்பி.

"க்கா." மூச்சு வாங்கியது, ஓடி வந்தவன்போல. "வயிறு ரொம்ப வலிக்குதுக்கா. மூச்சு விட முடில. நீ வர்றியா?"

பாட்டிலை அப்படியே மேசையில் வைத்துவிட்டு நடந்தேன். பின்னால் சூப்பர்வைசர் கூப்பிடுவது கேட்டது. கோட்டைக் கழற்றி வாசல் நாற்காலியில் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடி, வந்த பஸ்ஸில் ஏறினேன். அப்புறம் ஷேர் ஆட்டோ. டிரைவர் ஆள் சேரட்டும் என்று நின்றுகொண்டிருந்தான். "எல்லா சீட்டுக்கும் நான் தரேன், எடுய்யா வண்டிய" என்று கத்தினேன்.

வீட்டு வாசலிலேயே வாசனை அடித்தது. அறை முழுக்க நகப்பூச்சுத் திரவம். நாலைந்து பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். தம்பி நடுவில் பாயில் கிடந்தான். வாந்தி எடுத்திருந்தான், அதை ஒரு அத்தை துடைத்துக்கொண்டிருந்தாள். அம்மா அவன் தலையை மடியில் வைத்து விசிறிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கண்ணீரும் ஒரு வெளிச்சமும் சேர்ந்து இருந்தது. "வெளிய வருதும்மா. குடி வெளிய வருது. காலையிலேர்ந்து எடுத்துக்கினே இருக்கான். இன்னும் கொஞ்சம்தான், விட்டுடும்" என்றாள் என்னைப் பார்த்து. வெள்ளிக்கிழமைக்கப்புறம் அவள் என்னோடு பேசினது அதுதான் முதல் தடவை.

அவன் மூச்சு வயிற்றின் அடியிலிருந்து இழுத்து இழுத்து வந்தது. கண் பாதி மூடியிருந்தது. கூப்பிட்டால் திறந்தான், மறுபடி சொருகிக்கொண்டது.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க" என்றேன்.

"நாளிக்கு ஆராதனை முடியட்டும். நடுவுல எழுப்பினா மறுபடியும் ஒட்டிக்கும்."

"நாளிக்கு வரிக்கும் இருக்க மாட்டான்மா!"

சொல்லிவிட்டேன். எப்படி வந்தது அந்த வார்த்தை என்று தெரியவில்லை. ஜெபம் நின்றது. தம்பி உதட்டை அசைத்தான். குனிந்து கேட்டேன். "நாளிக்கு முடிஞ்சிடும்கா. அம்மா நம்பட்டும்" என்றான்.

அந்தக் கூட்டத்தில் மூத்தவளான ஒரு அத்தைதான் முதலில் எழுந்தாள். அவன் இமையைத் தூக்கிப் பார்த்தாள். "ஜெபம் ஆஸ்பத்திரிக்கும் வரும்மா. தூக்குங்க புள்ளைய" என்றாள் அம்மாவிடம். அவள் சொன்ன பிறகு அம்மாவின் கை தளர்ந்தது. நாலு பேராகத் தூக்கி ஆட்டோவில் போட்டோம். வழியில் பெரிய காஞ்சிபுரம் கடைத்தெருவில் முகூர்த்த நாள் கூட்டம். பட்டுக்கடை வாசல்களில் கார்கள் அடைத்துக்கொண்டு நின்றன. கல்யாணப் புடவை எடுக்க வந்தவர்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு ரோட்டைக் கடந்தார்கள். ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஆட்டோக்காரர் போனார். அம்மா முழு வழியும் தம்பியின் வாயைத் தன் முந்தானையால் மூடிப் பிடித்திருந்தாள். வாசனை ஆட்டோக்காரருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று. நான் முந்தானையைப் பிடுங்கி எறிந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளவயது டாக்டரம்மா. தம்பியின் முகத்தருகே குனிந்ததும் நிமிர்ந்து, "சுகர் இருக்குதா இவருக்கு?" என்றார். இல்லை என்றோம். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைச் சின்னக் கருவியில் வைத்தார். நம்பர் வரவில்லை. அந்தக் கருவியால் காட்ட முடிகிற அளவையே தாண்டிவிட்டது என்றார். அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. இரண்டு கையிலும் ஊசி, பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர், மூக்கில் குழாய். சாப்பாடு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டபோது மூத்த அத்தைதான் உபவாசம் என்று சொன்னாள். டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

வெளியே வந்து எங்களுக்கு விளக்கினார். உடம்பில் இன்சுலின் சுரப்பது நின்றுபோயிருக்கிறது. சர்க்கரை ரத்தத்தில் கொட்டிக் கிடக்கிறது, ஆனால் உடம்பால் அதைத் தின்ன முடியவில்லை. பட்டினியில் தன் கொழுப்பையே எரிக்கிறது. அந்தப் புகைதான் வாயில் வருகிற வாசனை. ரத்தம் புளித்துப் போயிருக்கிறது, ரொம்ப லேட்டாக வந்திருக்கிறீர்கள், இனி சொல்வதற்கில்லை என்றார்.

அம்மா இதில் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. "டாக்டர், குடிச்சிருக்கானா?" என்றாள்.

"இல்லம்மா."

"அவங்கப்பன்கிட்டயும் இதே வாசன வந்துச்சு, டாக்டர்."

"அவரு சாப்பிடாம குடிச்சிக்கிட்டே இருந்திருப்பாரு. உடம்பு பட்டினில எரிஞ்சா அவருக்கும் இதே வாசனதான் வரும். உங்க பையனுக்குக் குடியில்ல. ரத்தத்தில பாத்தாச்சு, ஒரு சொட்டு இல்ல."

அம்மா சிரித்தாள். கடவுளே, சிரித்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "குடிக்கலயாம்டி! என் புள்ள குடிக்கலயாம்!" என்றாள். சொல்லிவிட்டு வராந்தாவில் ஓடினாள். வாட்ச்மேனிடம் சொன்னாள். பெருக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் சொன்னாள். பக்கத்துப் படுக்கைக்காரரைப் பார்க்க வந்த யாரோ ஒருவரிடம் சொன்னாள். அப்புறம் உள்ளே வந்து தம்பியின் காதில் வாயை வைத்து, "நம்பறேன்டா ராஜா. அம்மா நம்பறேன்டா. கண்ணத் தொற" என்றாள். அவன் திறக்கவில்லை. திரும்பத் திரும்பச் சொன்னாள். நர்ஸ் வந்து நகரச் சொல்லும்வரை சொன்னாள்.

மறுநாள் காலையில் ஆராதனை நேரத்தில் அவன் போய்விட்டான். பேச்சு வரவே இல்லை. அம்மா கடைசியில் சொன்னது அவன் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது.

வீட்டில் கொண்டுவந்து கிடத்தினதும் தெரு முழுக்கக் கூடியது. வேனில் அவனோடு போனவர்கள் வந்தார்கள், போன் போட்ட டிரைவரும் வந்தான். ஓரமாக யாரோ, "குடிதானாமே, கேட்ல புடிச்சாங்களே" என்று மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. அம்மாவின் காதிலும் விழுந்தது. அதுவரை அழுதுகொண்டிருந்தவள் எழுந்து நின்றாள்.

"வாங்கப்பா. கிட்ட வந்து மோந்து பாருங்க. என் புள்ள வாயில இன்னா இருக்குதுன்னு பாருங்க."

யாரும் அசையவில்லை. அம்மா கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்து, தோளைப் பிடித்து எழுப்பினாள். தம்பியின் தலைமாட்டில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"உனக்குத்தான் தெரியும். நீ மோந்து பாத்து சொல்லு."

முட்டி போட்டேன். அவன் முகத்தருகே குனிந்தேன். மாலையின் சம்பங்கி வாசனை, போட்டிருந்த பவுடர் வாசனை. அவன் வாயில் எதுவும் இல்லை. அந்தக் கனிந்த வாசனைகூடப் போய்விட்டிருந்தது.

"ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

"எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு" என்றாள்.

சத்தமாகச் சொன்னேன்.